டாம் லாங்போட் சோம்பேறியா? 1907 பாஸ்டன் நேரத்தில் தொடங்கிய இழை

வேகநடை | மார்ச் 3, இரவு 9:10

1907 ஏப்ரல் 19, பாஸ்டன் மாரத்தான். கனடாவின் டாம் லாங்போட் 2:24:24-இல் முதலில் வந்தார். அடுத்த வருஷம் லண்டன் ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கிய ஜானி ஹேய்ஸின் நேரம் 2:55:18. அரை மணி நேரத்துக்கு மேல் வித்தியாசம். அப்படியென்றால் மாரத்தான் உலக சாதனை வரிசையில் லாங்போட் பெயர் ஏன் இல்லை?

இன்னொன்று. பயிற்சிக்கே போகமாட்டார், சோம்பேறி, இயல்பாக இருந்த திறமையை வீணடித்தார் என்று அவரைப் பற்றிப் படிக்கிற இடமெல்லாம் இருக்கிறது. அந்த நேரமும் இந்தப் பேரும் ஒரே ஆளுக்கு எப்படிப் பொருந்தும்?

நெடுந்தூரம் | மார்ச் 3, இரவு 10:25

முதல் கேள்விக்கு விடை தூரத்தில் இருக்கிறது. அன்றைய பாஸ்டன் ஓட்டம் ஆஷ்லாந்தில் தொடங்கி எக்ஸெட்டர் தெருவில் முடியும். 42.195 கிலோமீட்டர் இல்லை, சுமார் 40. அந்தக் கணக்கில் லாங்போட் கிலோமீட்டருக்கு 3 நிமிடம் 36.6 வினாடி. அதே வேகத்தில் முழுத் தூரமும் போயிருந்தால் 2:32:19.

ஹேய்ஸை வைத்தே இதைச் சரிபார்க்கலாம். 1908 ஏப்ரலில் அதே பாஸ்டனில் ஹேய்ஸ் 2:26:04 ஓடி இரண்டாவதாக வந்தார். மூன்று மாதம் கழித்து லண்டனில் 2:55:18. மூன்று மாதத்தில் யாரும் அரை மணி நேரம் மெதுவாகிவிட மாட்டார்கள். தூரம் கூடியது, வெயில் சேர்ந்தது, அவ்வளவுதான்.

42.195 என்ற தூரம் 1908-இல்தான் நிர்ணயமானது. அதற்கு முந்தைய எந்த நேரத்தையும் பிந்தைய நேரத்தோடு நேராக ஒப்பிடக் கூடாது.

இரண்டாவது கேள்விக்கு நாளை வருகிறேன். அது பெரிய விஷயம்.

சுற்றுக்கணக்கு | மார்ச் 4, காலை 6:50

அண்ணே, இரண்டு திருத்தம்.

ஒன்று, அந்தப் பாதை 24.5 மைல் சொச்சம், அதாவது 39.4 கிலோமீட்டர். 40 என்று எடுத்தால் லாங்போட்டுக்கு இரண்டு நிமிடம் இலவசமாகக் கிடைத்துவிடுகிறது. 8,664 வினாடியை 24.5-ஆல் வகுத்தால் மைலுக்கு 5 நிமிடம் 53.6 வினாடி. அதை முழு மாரத்தானின் 26.22 மைலால் பெருக்கினால் 2:34:31.

இரண்டு, 1908-இல் 26 மைல் 385 கெஜம், அதாவது 42.195 கிலோமீட்டர் ஓடினார்கள், சரி. ஆனால் அது நிலையான தூரமாக ஆனது 1921-இல். நடுவில் 1912 ஸ்டாக்ஹோம் 40.2 கிலோமீட்டர், 1920 ஆன்ட்வெர்ப் 42.75 கிலோமீட்டர்.

நெடுந்தூரம் | மார்ச் 4, காலை 8:15

இரண்டுமே சரி. 2:34:31 என்று மாற்றிக்கொள்ளுங்கள். 'நிர்ணயமானது' என்று நான் எழுதியதும் தவறு, 1908-இல் 'முதன்முதலாக ஓடப்பட்டது' என்று இருக்க வேண்டும்.

ஹேய்ஸ் கணக்கையும் திருத்துகிறேன். 2:26:04-ஐ 24.5 மைலுக்குப் போட்டால், முழுத் தூரத்துக்கு 2:36:19 வருகிறது. லண்டனில் அதைவிட 19 நிமிடம் கூடுதல். இந்த 19 நிமிடத்தை ஓடுபவரின் தரத்தில் தேடக் கூடாது. வெயிலிலும், ஆரம்பத்தில் எல்லோரும் கண்மூடித்தனமாக வேகம் வைத்ததிலும் தேட வேண்டும்.

ஸ்கார்பரோ | மார்ச் 4, மதியம் 12:40

பாஸ்டனிலை ஒரு சரக்கு ரயில் குறுக்கை வந்து மற்ற ஆக்களை மறிச்சுப் போட்டுது, அதாலைதான் லாங்போட் வெண்டவர் எண்டு ஒரு கதை இருக்கு. அது உண்மையோ?

நெடுந்தூரம் | மார்ச் 4, மாலை 7:30

ரயில் வந்தது உண்மை. சவுத் ஃபிரேமிங்ஹாமில் தண்டவாளத்தைக் கடக்கும் இடம். முன்னணியில் இருந்த சிறு கூட்டம், லாங்போட்டும் அதில்தான், ரயிலுக்கு முன்பே கடந்துவிட்டது. பின்னால் வந்தவர்கள் நின்றார்கள்.

ஆனால் ரயில் பின்னால் வந்தவரைத்தான் தாமதப்படுத்தும், முன்னால் போகிறவரை வேகமாக்காது. அதுவரை இருந்த சாதனை 1901-இல் ஜாக் காஃப்ரி ஓடிய 2:29:23. லாங்போட் அதை 4 நிமிடம் 59 வினாடி குறைத்தார். அதுவும் குளிரிலும் சேற்றிலும். இரண்டாவதாக வந்தவருக்கு மூன்றரை நிமிடம் முன்னால் வந்து சேர்ந்தார். அந்தப் பாதையில் அவரது நேரம் 1911-இல் கிளாரன்ஸ் டிமார் 2:21:39 ஓடும்வரை நின்றது. ஓட்டத்தின் முதல் பகுதியில் கடந்து போன ஒரு ரயில், கடைசிப் பகுதியில் இருக்கும் நியூட்டன் மேடுகளில் அவருக்கு எந்த உதவியும் செய்திருக்க முடியாது. கூட ஓடியவர்களை அவர் பிய்த்துக்கொண்டு போனது அங்கேதான்.

நெடுந்தூரம் | மார்ச் 5, காலை 7:05

இனி சோம்பேறி விஷயம்.

லாங்போட் ஒனொண்டாகா இனத்தவர். ஒன்ராறியோவில் பிரான்ட்ஃபோர்டுக்கு அருகே உள்ள சிக்ஸ் நேஷன்ஸ் பூர்வகுடிப் பகுதியில் பிறந்தவர். சொந்த மொழியில் அவர் பெயர் காக்வாகீ. சிறுவனாக மொஹாக் இன்ஸ்டிட்யூட் என்ற விடுதிப் பள்ளியில் சேர்க்கப்பட்டு, அங்கிருந்து தப்பி ஓடியவர். ஓட்டத்தின் பக்கம் அவரைத் திருப்பியவர் பில் டேவிஸ், 1901 பாஸ்டனில் காஃப்ரிக்கு அடுத்து வந்த மொஹாக் வீரர். 1906-இல் ஹாமில்டன் விரிகுடாவைச் சுற்றி ஓடும் பந்தயத்தில் யாரும் எதிர்பாராதபடி மூன்று நிமிட இடைவெளியில் வென்றார். ஆறு மாதத்தில் பாஸ்டன்.

அவரது பயிற்சி முறை இது: ஒரு நாள் கடுமையாக ஓடுவார். அடுத்து இலகுவாக. அதற்கடுத்து நீண்ட நடை, சில நாள் 20 மைல் வரைகூட நடப்பார். பிறகு மறுபடியும் கடுமையான ஓட்டம்.

அவரது மேனேஜர்களுக்கும் டொராண்டோ பத்திரிகை எழுத்தாளர்களுக்கும் பயிற்சி என்றால் தினமும் கடிகாரத்தைப் பிடித்து ஓடுவது. ஒரு மனிதன் ஓடாமல் நடந்து போவதைப் பார்த்ததும் சோம்பேறி என்று எழுதினார்கள். லூ மார்ஷ் போன்ற பத்திரிகையாளர்கள் அதை இனத்தோடு சேர்த்து எழுதினார்கள். 'பூர்வகுடிகள் இப்படித்தான்' என்ற வாய்ப்பாடு கையில் தயாராக இருந்ததால் யாரும் அவர் என்ன செய்கிறார் என்று உற்றுப் பார்க்கவில்லை. கனடாவின் சிறந்த விளையாட்டு வீரர் விருது பல பத்தாண்டுகள் மார்ஷ் பெயரில் இருந்து, 2022-இல்தான் பெயர் மாறியது. அந்த மாற்றத்துக்குப் பின்னால் இந்த எழுத்துகளும் உண்டு.

நீண்ட, கடுமையான ஓட்டத்துக்குப் பிறகு தசையில் கிளைகோஜன் (உடம்பு சேமித்து வைக்கும் சர்க்கரைச் சத்து) திரும்ப நிரம்ப 24 முதல் 48 மணி நேரம் ஆகும். நன்றாகச் சாப்பிட்டால்தான் அதுவும். இறக்கத்திலும் கடினத் தரையிலும் ஓடியதால் தசை நாரில் விழுந்த நுண்கிழிசல் ஆற இன்னும் கூடுதல் நாள் வேண்டும். நடக்கும்போது இரத்த ஓட்டம் இருக்கும், கால் தரையில் மோதும் அடி இருக்காது. இன்று எந்தக் கோச்சிடம் போனாலும் கடினம், இலகு, மீட்பு என்று நாட்களைப் பிரித்துத்தான் அட்டவணை தருவார். லாங்போட் அதை 1907-இலேயே செய்துகொண்டிருந்தார்.

வேகநடை | மார்ச் 5, இரவு 9:00

அப்படியானால் 1908 லண்டனில் ஏன் விழுந்தார்? அவர்தானே வெல்வார் என்று எதிர்பார்த்தார்கள்?

நெடுந்தூரம் | மார்ச் 5, இரவு 10:10

ஆமாம். 20 மைல் வாக்கில் சுருண்டுவிட்டார். அன்று அந்தப் பாதையில் பலர் அப்படித்தான் ஆனார்கள். இத்தாலிய ஓட்டக்காரர் டொராண்டோ பியெட்ரி, மைதானத்துக்குள் முதலில் நுழைந்து, தவறான பக்கம் திரும்பி, ஐந்து முறை விழுந்து, தூக்கிவிட்டதால் தகுதி இழந்தது எல்லோருக்கும் தெரிந்த கதை. கடைசி 350 மீட்டருக்கு அவருக்குப் பத்து நிமிடம் ஆனது.

லாங்போட் விஷயத்தில் கூடுதலாக ஒரு சிக்கல். கனடா அணியின் மேனேஜர் ஜே. ஹோவர்ட் க்ராக்கர், அளவுக்கு மீறிய மருந்துதான் காரணம் என்று தன் அறிக்கையிலேயே எழுதினார். யார் கொடுத்தது என்று நிரூபணமாகவில்லை.

சுற்றுக்கணக்கு | மார்ச் 6, காலை 6:30

மருந்து என்றால் அந்தக் காலத்தில் ஸ்ட்ரிக்னின் என்ற நச்சுப் பொருள். ஒளிவுமறைவாகக் கொடுத்தது இல்லை, பயிற்சியாளர் பையில் வெளிப்படையாக இருந்த பொருள். 1904 செயின்ட் லூயிஸ் ஒலிம்பிக்கில் தாமஸ் ஹிக்ஸுக்கு வழியிலேயே 1/60 க்ரெய்ன் ஸ்ட்ரிக்னினை முட்டை வெள்ளைக்கருவோடு கொடுத்தார்கள். பிறகு இன்னும் கொஞ்சம், கூடவே பிராந்தி. ஒரு க்ரெய்ன் 64.8 மில்லிகிராம். அப்படியானால் ஒரு வேளைக்கு ஏறத்தாழ 1 மில்லிகிராம்.

இது ஏன் ஆபத்து? தசையைத் தளர்த்தச் சொல்லும் நரம்புச் சமிக்ஞையை ஸ்ட்ரிக்னின் தடுக்கும். குறைந்த அளவில் உடம்பு விறுவிறுப்பாக இருப்பது போல் தோன்றும். கூடினால் தசை இறுகிப் பிடித்துக்கொள்ளும். வெயிலில் நீரிழந்து, ஏற்கெனவே பிடிப்பு வரத் தயாராக இருக்கும் காலில் இதைச் சேர்த்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. போதாததற்கு, ஓடும்போது தண்ணீர் குடிப்பது கெடுதல் என்றும் நம்பினார்கள்.

நெடுந்தூரம் | மார்ச் 7, இரவு 8:45

லண்டனுக்குப் பிறகு வந்த மாரத்தான் மோகத்தையும் பார்க்க வேண்டும். லாங்போட்டின் சிறந்த ஓட்டங்கள் அதில்தான் இருக்கின்றன, மோசமானவையும்.

1908 நவம்பர் 25 அன்று நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் பியெட்ரியும் ஹேய்ஸும் பணத்துக்காக மறுபடி மோதினார்கள். பியெட்ரி வென்றார். அரங்கு நிரம்பி வழிந்ததும் ஏற்பாட்டாளர்களுக்கு வழி தெரிந்துவிட்டது. டிசம்பர் 15-இல் அதே அரங்கில் பியெட்ரியும் லாங்போட்டும். லாங்போட் தொழில்முறைக்கு மாறியாயிற்று. பலகைத் தளம், ஒரு மைலுக்குப் பத்துச் சுற்று, மேலே சுருட்டுப் புகை. இருவரும் 25 மைல் வரை ஒட்டிக்கொண்டே போனார்கள். கடைசி அரை மைல் சொச்சத்தில் பியெட்ரி சரிந்தார். லாங்போட் 2:45:05.

1909 ஜனவரி 2-இல் பஃபலோவில் மறுபடி. பியெட்ரி பாதியைத் தாண்டி விலகினார், லாங்போட் வென்றார்.

பிப்ரவரி 5-இல் கார்டனில் ஆல்ஃபிரட் ஷ்ரப். இது தனிக் குறிப்புக்கு உரியது, பிறகு எழுதுகிறேன்.

ஏப்ரல் 3-இல் நியூயார்க் போலோ கிரவுண்ட்ஸ் மைதானத்தில் ஆறு பேர். மொத்தப் பரிசு 10,000 டாலர். பிரான்ஸின் ஆன்ரி சாந்த் ஈவ் 2:40:50-இல் வென்றார். அடுத்து பியெட்ரி, ஹேய்ஸ், மலோனி. லாங்போட்டும் ஷ்ரப்பும் முடிக்கவில்லை.

'பார், பயிற்சி இல்லாததால் விலகிவிட்டார்' என்று அன்றும் எழுதினார்கள். தேதிகளை வரிசையாக வையுங்கள். 18 நாள், 34 நாள், 57 நாள் இடைவெளிகளில், 109 நாளில் நான்கு மாரத்தான் பந்தயம். இன்று ஒரு நல்ல ஓட்டக்காரர் வருஷத்துக்கு இரண்டு ஓடுவார். ஒரு மாரத்தானுக்குப் பிறகு தசை ஆறவே இரண்டு மூன்று வாரம் போய்விடும். இதைச் செய்த மனிதரைத்தான் சோம்பேறி என்றார்கள்.

சுற்றுக்கணக்கு | மார்ச் 8, காலை 6:45

பலகைத் தளத்தைப் பற்றி ஒரு கணக்கு. இதைக் கவனிக்காமல் அந்த நேரங்களை எடைபோட முடியாது.

மைலுக்குப் பத்துச் சுற்று என்றால் ஒரு சுற்று 161 மீட்டர். 26 மைல் 385 கெஜத்துக்கு 262 சுற்று சொச்சம். சுற்றுக்கு இரண்டு வளைவு, மொத்தம் 524 வளைவு. எல்லாம் ஒரே பக்கம் திரும்புவது. உள்பக்கக் கணுக்காலும் முழங்காலும் வெளிப்பக்கக் காலைவிட அதிகம் முறுக்கப்படும்.

அடுத்தது கோடு. அளந்த கோட்டிலிருந்து ஒரு அடி வெளியே தள்ளி ஓடினால், தளம் எந்த வடிவமாக இருந்தாலும் சுற்றுக்கு 6.28 அடி கூடும். 262 சுற்றுக்கு 1,646 அடி, சுமார் 500 மீட்டர். மூன்று சுற்றுக்கு மேல்! எதிராளியின் தோளுக்கு வெளியே ஒட்டிக்கொண்டு ஓடுபவர் கொடுக்கும் விலை இது. அதனால்தான் இப்படிப்பட்ட அரங்கில் பின்னால் ஒரே கோட்டில் நிற்பதே புத்தி.

நெடுந்தூரம் | மார்ச் 8, இரவு 9:30

அருமையான கணக்கு. இதை வைத்துக்கொண்டு பிப்ரவரி 5-க்குப் போகலாம்.

ஷ்ரப் யாரென்று முதலில். சஸெக்ஸில் ஸ்லின்ஃபோல்டைச் சேர்ந்த ஆங்கிலேயர், சின்ன உருவம். 1903, 1904 இரண்டு வருஷமும் சர்வதேச கிராஸ்கன்ட்ரி சாம்பியன். 1904 நவம்பர் 5 அன்று கிளாஸ்கோ ஐப்ராக்ஸ் மைதானத்தில் ஒரே ஓட்டத்தில் 6 மைலை 29:59.4-இலும் 10 மைலை 50:40.6-இலும் கடந்தார். ஒரு மணி நேரத்தில் 11 மைல் 1,137 கெஜம், அதாவது 18,742 மீட்டர். அந்த 10 மைல் நேரத்தைத் தொட 1928-இல் பாவோ நுர்மி வரவேண்டியிருந்தது. 6 மைல் நேரமும் 1930-இல் அதே நுர்மியின் கையால்தான் உடைந்தது. 1905-இல் பணம் வாங்கினார் என்று அமெச்சூர் சங்கம் (பணம் வாங்காமல் ஓடுபவர்களுக்கான சங்கம்) ஒதுக்கியதால் ஒலிம்பிக் ஓடாமலே தொழில்முறைக்கு வந்தவர். ஒரு ஆள் தனியாக ஓட, எதிரே ஒரு குழு மாறி மாறி ஓடும் பந்தயங்களிலெல்லாம் ஓடியவர்.

அவரது பயிற்சி லாங்போட்டுக்கு நேர் எதிர். பெரிய பந்தயத்துக்கு முந்தைய வாரங்களில் காலையில் ஒரு ஓட்டம், பிற்பகலில் இன்னொன்று. எல்லாம் வேகத்தோடு. 10 மைலுக்கு அதைவிட நல்ல தயாரிப்பு அன்று கிடையாது.

அந்த ஓட்டத்தில் ஷ்ரப் ஆரம்பத்திலிருந்தே பறந்தார். ஒரு கட்டத்தில் எட்டுச் சுற்று முன்னிலை, 1,287 மீட்டர். லாங்போட் துரத்தவில்லை. அந்த நேரத்தில் அவரது மனநிலையும் நன்றாக இல்லை. சில வாரம் முன்புதான் அவரது மேனேஜர் டாம் ஃபிளனகன் ஒப்பந்தத்தை 2,000 டாலருக்கு பாட் பவர்ஸிடம் விற்றிருந்தார். பந்தயக் குதிரையை விற்பது போலத் தன்னை விற்றுவிட்டார்கள் என்பது லாங்போட்டின் மனக்குறை. ஓட்டத்தின் நடுவே புது மனைவி லொரெட்டாவைத் தடத்தருகே வரவழைத்தார்கள். ஃபிளனகனும் வந்து கத்தி ஊக்கப்படுத்தினார்.

20 மைல் தாண்டியதும் ஷ்ரப் தளர ஆரம்பித்தார். பிறகு நடந்தார், ஓடினார், மறுபடி நடந்தார். 24 மைலைத் தாண்டி லாங்போட் அவரை முந்தினார், அதோடு ஷ்ரப் தடத்தைவிட்டு விலகினார். லாங்போட் 2:53:40.

வேகநடை | மார்ச் 9, காலை 7:20

எட்டுச் சுற்று எப்படி அவ்வளவு சீக்கிரம் கரையும்? அது முக்கால் மைலுக்கு மேல்.

சுற்றுக்கணக்கு | மார்ச் 9, காலை 9:00

தம்பி, இப்படிப் பாருங்கள். லாங்போட்டின் அன்றைய சராசரி மைலுக்கு 6 நிமிடம் 37 வினாடி. சுற்றுக்கு 40 வினாடி என்று வையுங்கள். முன்னால் இருப்பவர் நடக்க ஆரம்பித்துச் சுற்றுக்கு 80 வினாடி எடுத்தால், அவர் ஒரு சுற்று முடிக்கும்போது பின்னால் இருப்பவர் இரண்டு முடிப்பார். 80 வினாடிக்கு ஒரு சுற்று லாபம். எட்டுச் சுற்றுக்கு 640 வினாடி. 10 நிமிடம் 40 வினாடியில் எல்லாம் போச்சு. துரத்துபவர் வேகத்தைக் கூட்டவே வேண்டியதில்லை.

ஏன் நடக்க வேண்டி வந்தது என்பதற்கும் கணக்கு உண்டு. ஓடுவதற்கு ஒரு கிலோ எடைக்கு ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 1 கலோரி செலவாகும். 55 கிலோ ஆளுக்கு 42 கிலோமீட்டருக்கு 2,300 சொச்சம். தசையிலும் ஈரலிலும் இருக்கும் கிளைகோஜன் 1,500 முதல் 2,000 கலோரிதான் தரும். மீதியைக் கொழுப்பு கொடுக்க வேண்டும். ஆரம்பத்தில் வேகம் கூடக் கூட உடம்பு கொழுப்பைத் தொடாமல் கிளைகோஜனையே எரிக்கும். ஷ்ரப் முன்னிலையாகச் சேர்த்த ஒவ்வொரு சுற்றும் பின்னால் தேவைப்படப்போகும் கையிருப்பிலிருந்து எடுத்தது. 10 மைல் ஓட்டத்தில் அந்தக் கையிருப்பு தீருவதற்குள் பந்தயமே முடிந்துவிடும். அதனால் அவருக்கு இந்தப் பாடம் முன்பு தேவைப்படவில்லை.

நெடுந்தூரம் | மார்ச் 9, இரவு 8:10

இருவரும் பத்து முறை மோதியதில் இது அப்படியே தெரிகிறது. 20 மைலும் அதற்கு மேலும் என்றால் ஒவ்வொரு முறையும் லாங்போட். அதற்குக் குறைந்தால் ஒவ்வொரு முறையும் ஷ்ரப். நடைப் பயிற்சிக்காரரும் தினசரி வேகக்காரரும் தங்கள் தங்கள் எல்லைக்குள் தோற்கவே இல்லை. பயிற்சி முறைகளின் குணத்தை இவ்வளவு சுத்தமாகக் காட்டும் போட்டி வரிசை அபூர்வம்.

நெடுந்தூரம் | மார்ச் 11, காலை 6:20

மார்ச் 7 குறிப்பை மறுபடி படித்தேன். அதில் ஒரு ஓட்டை. 109 நாளில் நான்கு மாரத்தான் என்பதால் லாங்போட் போலோ கிரவுண்ட்ஸில் விலகினார் என்றேன். அதே அளவுகோலைப் பியெட்ரிக்கு வைத்துப் பாருங்கள்: நவம்பர் 25, டிசம்பர் 15, ஜனவரி 2, மார்ச் 15, ஏப்ரல் 3. 129 நாளில் குறைந்தது ஐந்து. கடைசி இரண்டுக்கும் நடுவே 19 நாள்தான். அப்படியிருந்தும் அவர் இரண்டாவதாக வந்தார். அடர்த்தியான பந்தய அட்டவணை ஒரு காரணம் என்று மட்டும் சொல்லலாம், அதுவே முழுக் காரணம் என்று சொல்ல முடியாது. பியெட்ரி அந்த ஐந்தில் ஒன்றில் கடைசி அரை மைலில் சரிந்தார், இன்னொன்றில் விலகினார் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். லாங்போட்டை மட்டும் தனியாக நிறுத்திச் சோம்பேறி என்றதுதான் அநியாயம்.

வேகநடை | மார்ச் 11, இரவு 9:40

அந்தக் காலத்தில் இந்தியாவிலிருந்து நெடுந்தூரம் யாராவது ஓடினார்களா?

சுற்றுக்கணக்கு | மார்ச் 12, காலை 6:40

1920 ஆன்ட்வெர்ப் ஒலிம்பிக் மாரத்தானில் பெல்காமின் ஃபடேப்பா சௌகுலே 19-ஆவது இடம், 2:50:45. நான் மேலே சொன்ன அதே 42.75 கிலோமீட்டர் பாதை. வென்றவர் பின்லாந்தின் ஹன்னஸ் கோலேமெயினன், 2:32:35. சௌகுலேவின் நேரத்தை 42.195-க்குக் குறைத்தால் 2:48:30 வாக்கில் வரும். தனி இழை போடலாம்.

ஸ்கார்பரோ | மார்ச் 12, மதியம் 1:15

எங்கட ஸ்கார்பரோவிலை, மால்வேர்ன் பக்கம், டாம் லாங்போட் பேரிலை ஒரு ஆரம்பப் பள்ளிக்கூடம் இருக்கு. எத்தினையோ தமிழ்ப் பிள்ளையள் வளர்ந்த ஏரியா. டவுன்டவுன் செயின்ட் லாரன்ஸ் பக்கம் லாங்போட் அவென்யூவும் இருக்கு. ஜூன் 4 ஒன்ராறியோவிலை டாம் லாங்போட் நாள். ஹாமில்டன் ஓட்டம் இப்பவும் நடக்குது, இப்ப அது 30 கிலோமீட்டர். 1894-இலை தொடங்கினது, பாஸ்டனுக்கும் மூத்தது.

ஒரு கேள்வி அண்ணை. போரிலை செத்துப் போனார் எண்டு அறிவிச்சதும் பிறகு உயிரோடை வந்ததும் மெய்யோ?

நெடுந்தூரம் | மார்ச் 12, இரவு 8:50

மெய்தான். 1916-இல் ராணுவத்தில் சேர்ந்தார். பிரான்சில் 107-ஆவது பயனியர் பட்டாலியனில் இருந்தார், செய்தி கொண்டு ஓடும் வேலை செய்தார். இறந்துவிட்டார் என்று தவறான செய்தி வீட்டுக்குப் போனது. லொரெட்டா வேறு திருமணம் செய்துகொண்டார். திரும்பி வந்த லாங்போட் பிறகு மார்த்தா சில்வர்ஸ்மித்தை மணந்தார், நான்கு பிள்ளைகள். டொராண்டோ மாநகரத் தெருத் துறையில் 1944 வரை வேலை பார்த்தார். பிறகு சொந்தப் பகுதிக்கே திரும்பி, 1949 ஜனவரி 9-இல் நிமோனியாவில் இறந்தார்.

'ஒரு காலத்தில் சாம்பியன், கடைசியில் குப்பை அள்ளினார்' என்று அந்தத் தெருத் துறை வேலையை வீழ்ச்சியாக எழுதுவார்கள். பொருளாதார மந்தம் நடந்த 1930-களில் மாதச் சம்பளம் வருகிற நகராட்சி வேலை வைத்து நான்கு பிள்ளைகளை வளர்த்திருக்கிறார். அதில் வீழ்ச்சி எங்கே இருக்கிறது?

பாஸ்டன் வெற்றிக்குப் பிறகு டொராண்டோ நகர மன்றம் அவருக்கு 500 டாலர் தருவதாகத் தீர்மானம் போட்டது. அவர் உயிரோடு இருக்கும்வரை அந்தப் பணம் வரவில்லை. 1980-இல் வாரிசுகளுக்கு 10,000 டாலராகக் கொடுத்தார்கள்.

வேகநடை | மார்ச் 13, இரவு 9:25

சோம்பேறி என்ற பேரை முழுசாக மறுக்க ஒரே ஒரு ஓட்டத்தைக் காட்டச் சொன்னால் எதைக் காட்டுவீர்கள்? பாஸ்டனா?

நெடுந்தூரம் | மார்ச் 14, காலை 7:00

பாஸ்டன் இல்லை. பாஸ்டனில் அவருக்கு இருபது வயது சொச்சம், இயல்பான திறமை என்று சொல்லித் தள்ளிவிடுவார்கள்.

1911-இல் லாங்போட் தன் ஒப்பந்தத்தை 700 டாலர் கொடுத்துத் தானே வாங்கிக்கொண்டார். அதற்குப் பிறகு எப்போது ஓடுவது, எப்போது நடப்பது, எந்தப் பந்தயத்தை விடுவது எல்லாம் அவர் முடிவு. 1912-இல் எடின்பரோவில் 15 மைலை 1:18:10-இல் ஓடினார், தொழில்முறைச் சாதனை. அமெச்சூராக இருந்தபோது அவரே ஓடிய சிறந்த நேரத்தைவிட ஏழு நிமிடம் குறைவு.

மைலுக்கு எவ்வளவு என்று நீங்களே போட்டுப் பாருங்கள்.

சுற்றுக்கணக்கு | மார்ச் 14, காலை 7:35

4,690 வினாடி, 15 மைல். மைலுக்கு 5 நிமிடம் 12.7 வினாடி. ஐப்ராக்ஸில் ஷ்ரப் 10 மைலுக்கு வைத்த வேகம் 5 நிமிடம் 4.1 வினாடி. அன்று உலகிலேயே சிறந்த 10 மைல் ஓட்டத்தைவிட மைலுக்கு 8.6 வினாடிதான் மெதுவாக, அதைவிட 5 மைல் கூடுதலாகப் போயிருக்கிறார். 15 மைல் என்பது ஷ்ரப்பின் எல்லைக்குள் இருக்கும் தூரம் அண்ணே, லாங்போட்டுடையது இல்லை.